மொத்தமே 12 எபிசோடுதான் மக்களே!

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் எப்போ எழுதுறீங்க? முந்தின நாள் ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல, சாப்பாடெல்லாம் முடிஞ்ச பிறகு. நானும் அந்தக் கூட்டம்தான். "காமெடிதானே, ஸ்டேஜ்ல பார்த்துக்கலாம்" என்போம். அந்த நினைப்பு தப்புன்னு எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய பிரிட்டிஷ் சிட்காம்.

பேர் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. பி.பி.சி. 2-இல் 1975-இல் ஆறு எபிசோடு, 1979-இல் ஆறு. அவ்ளோதான். 2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட சிறந்த பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிகள் பட்டியலில் இதுதான் நம்பர் 1.

கதை பிறந்தது நிஜ ஓட்டல் ஒன்றில். 1970-இல் ஷூட்டிங்குக்காக 'மான்ட்டி பைத்தான்' குழு டார்க்கி என்ற கடற்கரை ஊரில் தங்கியது. எரிக் ஐடில் விட்டுப்போன பையில் வெடிகுண்டு இருக்குமோ என்று பயந்து ஓட்டல்காரர் அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். உள்ளே இருந்தது அலாரம் கடிகாரம்! கடுப்பான மற்றவர்கள் வேறு ஓட்டலுக்குக் கிளம்பிட்டாங்க. ஜான் கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கி அந்த மனுஷரைக் கவனித்தார். சிடுசிடு முதலாளி பேசில் ஃபால்ட்டி உருவானது அப்படித்தான்.

கிளீஸும் மனைவி கோனி பூத்தும் ஒவ்வொரு எபிசோடையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். முதல் ஸ்கிரிப்டைப் படித்த பி.பி.சி. ஆள் ஒருத்தர், இது தேறவே தேறாது என்ற ரீதியில் குறிப்பு எழுதினார். அதுக்காக அவங்க தூக்கிப் போடலை. 1978-இல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். ஆனாலும் இரண்டாவது சீசனும் இருவர் பேரிலும்தான் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தல். சர்வர் மானுவலாக வந்த ஆண்ட்ரூ சாக்ஸுக்கு, தீப்பிடிக்கும் காட்சியில் புகைக்காகக் கோட்டில் போட்ட ரசாயனம் கையைப் பொசுக்கிவிட்டது. அதைத் தியாகம்னு கொண்டாட வேண்டாம். அது சேஃப்டியில் விட்ட கோட்டை. உழைப்பு பேப்பரில் இருக்கட்டும், உடம்பில் வேண்டாம்.

"இன்டர்னல்ஸ் இருக்கு, டைம் எங்கே?" என்பீங்க. நியாயம்தான். ஆனா பத்து நிமிஷ ஸ்கிட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா போதும். எழுதினதை வேற டிபார்ட்மென்ட் ஆளுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவர் சிரிக்காத இடத்தை வெட்டுங்க. நம்ம ஜோக்குக்கு நாமே சிரிக்கிறது கணக்கில் வராது.