பால்கனி செடிக்கு ‘க்ரோ லைட்’ வாங்கலாமா? முதல்ல நிழலைப் பாருங்க!

முடிச்சூரில் தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. பல பால்கனிகளுக்கும் பக்கத்துக் கட்டிடச் சுவருக்கும் சில அடிதான் இடைவெளி. அங்கே வைத்த துளசி வெளுத்து, குச்சி மாதிரி நீண்டு நிற்கும். உடனே செல்போனில் ஊதா நிற விளக்கின் விளம்பரம்: ‘1000 வாட் க்ரோ லைட்’. வாங்கலாமா?

சென்னைக்கு வெயில் பஞ்சம் கிடையாது. வட ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் ரொம்பவே சுருங்குவதால், பசுமைக்குடில்களில் விளக்கு எரிக்கிறார்கள். நமக்கு டிசம்பரிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். இங்கே நிழல்வலை கட்டி வெயிலைக் குறைக்கத்தான் பார்க்கிறோம். எனவே, மொட்டை மாடியில் நான்கு தொட்டிக்கு இடம் கிடைத்தால் விளக்குச் செலவே வேண்டாம். அசோசியேஷன் சம்மதிக்குமா என்பது வேறு கதை!

சிக்கல் வீட்டுக்குள்தான். உச்சி வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ஜன்னலைத் தாண்டி சில அடி உள்ளே வந்தால், பல வீடுகளில் 1,000 லக்ஸ்கூடத் தேறாது. நம் கண் அதற்குப் பழகிவிடும், செடியால் முடியாது. நண்பகலில் செடிக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்க. நிழல் கறுப்பாக, விளிம்பு தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். நிழலே விழவில்லையா? மணி பிளான்ட் சமாளிக்கும். துளசி, மிளகாய்க்கு விளக்கு வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள ‘1000 வாட்’டை நம்ப வேண்டாம். அது உண்மையில் இழுப்பது 100 வாட்டாகக்கூட இருக்கலாம். லூமென் என்பதும் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குப் பார்க்க வேண்டியது ‘பிபிஎஃப்டி’, அதாவது ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு. கீரை நாற்றுக்கு 200 மைக்ரோமோல் அளவு போதும். மிளகாய், தக்காளி காய்க்க 400-க்கு மேல் வேண்டும். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. சாதாரண பல்பு வடிவ விளக்கை இரு மடங்கு தூரம் தள்ளினால், வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

ஊதா நிறம் கட்டாயமா? இல்லை. சிவப்பும் நீலமும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாக உதவும் என்பதால் வந்த பழக்கம் அது. பச்சை ஒளியையும் இலை பயன்படுத்துகிறது. வெள்ளை எல்இடியில் இந்த மூன்றுமே இருக்கின்றன. அதோடு, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளானாலும் நமக்குத் தெரியாது. கீரைக்கும் துளசிக்கும் 20 வாட் வெள்ளை எல்இடியை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

கரன்ட் பில்? 20 வாட், தினம் 10 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். அதுவே 100 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 72 யூனிட். ஏற்கெனவே ஏசியால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில், இந்த 72 யூனிட் உங்களை அதிகக் கட்டணப் பிரிவுக்குத் தள்ளிவிடும்.

இன்னொன்று, 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் இருந்தால் டைமரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தரையில் போட்டு வைக்காதீங்க.