நாங்கள் என்ன, சோதனை எலியா?

"புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். நீங்களும் சேருகிறீர்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், பலர் மறுத்துவிடுகிறார்கள்.

"நாங்கள் என்ன, சோதனை எலியா?" என்று கேட்கிறார்கள்.

இதை அறியாமை என்று சொல்லிச் சிரிக்கலாமா? கூடாது! அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

அமெரிக்காவில் நடந்த அநியாயம்

அமெரிக்காவில் டஸ்கீகி என்று ஓர் ஊர். அங்கே 1932-ம் ஆண்டில், மேகநோய் கண்ட கறுப்பு இனத்தவர் 399 பேரை அரசாங்க டாக்டர்கள் சேர்த்துக்கொண்டார்கள். "சிகிச்சை தருகிறோம்" என்று நம்ப வைத்தார்கள்.

ஆனால் சரியான சிகிச்சை தரவில்லை! நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் இந்தக் கொடுமை நின்றது.

ஒருவனை ஏமாற்றினால், அடுத்தவன் எப்படி நம்புவான்?

சென்னையில் கிடைத்த நன்மை

ஆனால், எல்லாச் சோதனையும் இப்படி அல்ல.

அந்தக் காலத்தில் காசநோய் வந்தால், சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். படுக்கைகளோ போதவில்லை. வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்தது. 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில், மற்றவர்கள் சானடோரியத்தில். இரு சாராருக்கும் ஓராண்டு மருந்து.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள்! மற்ற நாடுகளும் இந்த வழியைப் பின்பற்றின. அன்று சேர்ந்த ஏழை எளியவர்களால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

தயங்காமல் கேளுங்கள்

இன்று சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு விதிகளின்படி, உங்களுக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும், நஷ்டஈடும் உண்டு.

டாக்டர்களே! பல பக்கக் காகிதத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்றால் யாருக்குத்தான் பயம் வராது? உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! என்ன மருந்து? என்ன கெடுதல் வரலாம்? விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? புரியும்வரை கேளுங்கள்.

புரிந்த பிறகு "சரி" என்றாலும், "வேண்டாம்" என்றாலும் அது உங்கள் முடிவு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.