நூறைத் தாண்ட வேண்டாம்

மதுரை கோச்சடை வீட்டில் அப்பாவின் கம்ப்யூட்டரில் பாடகர் டி.எம்.எஸ். பாட்டு கரகரத்தது. "ஸ்பீக்கரை மாத்தணுமாம்ப்பா, கடையில சொல்லிட்டாங்க" என்றார். பார்த்தால், வி.எல்.சி. பிளேயரின் ஒலிப்பட்டை 125இல் நிற்கிறது! நூறுக்கு மேலே மென்பொருள்தான் ஒலியை ஊதிப் பெருக்குகிறது. ஒலியலையின் உச்சி வரம்பில் முட்டி மழுங்கிப்போகும். உச்சஸ்தாயியில் டி.எம்.எஸ். இழுக்கும் இடமெல்லாம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்டது அதனால்தான். நூறுக்கு இறக்கினேன், ஈக்வலைசரை அணைத்தேன், சத்தத்தை ஸ்பீக்கர் குமிழில் கூட்டினேன். 1922இல் இதே மதுரையில் பிறந்த அந்தக் குரல், கணீரென்று வந்தது. இதைச் சோதிக்காமல் ஒரு பெரியவரைச் செலவுக்கு இழுப்பது அநியாயம். இறக்கியும் கரகரத்தால் வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது தெளிவாக ஒலித்தால், பழுது முதல் பாட்டின் கோப்பில்தான்.