கலம் என்னும் பொதுப்பெயர்

தமிழ்த்துறையார்க்குக் கணிப்பொறி எதற்கு என்னும் வினா நம் ஆசிரியர் அறையிலும் எழுவதுண்டு. அதற்குத் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்தே விடை கூறலாம்.

கட்டுமரம், வள்ளம், தோணி, விசைப்படகு, வ.உ.சி. துறைமுகத்தை அடையும் பெட்டகக் கப்பல் ஆகிய அனைத்தையும் 'கலம்' என்கிறோம். ஆயினும் வெறுங் 'கலம்' ஒன்றை எந்த ஓடாவியும் கட்டியதில்லை. அவர் கட்டுவது தோணி, அல்லது வள்ளம். ஜாவா, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் 'அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்' எனப்படுவது இத்தகைய பொதுப்பெயரே. அதிலிருந்து நேரே ஒரு பொருளைப் படைக்க இயலாது. அதன்வழித் தோன்றும் வகைகளிலிருந்தே படைக்க வேண்டும். 'செலுத்து' என்னும் வினையைக் கலத்திற்கு விதித்து, செலுத்தும் முறையைக் கூறாது விட்டால் அஃது 'அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்'. கட்டுமரம் அம்முறையைத் துடுப்பால் நிரப்பும், பாய்த்தோணி பாயால், விசைப்படகு பொறியால். நிரப்ப மறந்த வகையிலிருந்து பொருள் படைக்க முயன்றால் கம்பைலர் என்னும் நிரல்பெயர்ப்பியே தடுத்துவிடும். நிரல் கரையை விட்டு நகராது. நாளை புதுவகைக் கலம் ஒன்று வரினும், 'செலுத்து' என்று மட்டுமே ஏவும் பழைய நிரற்பகுதியை மாற்ற வேண்டுவதில்லை. பயன் இதுவே.

இக்கருத்தின் வேர், நார்வே நாட்டறிஞர் ஓல்-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1967இல் அமைத்த சிமுலா மொழியில் உள்ளது. சி பிளஸ் பிளஸ் 1989இல் இதனை ஏற்றது. ஜாவா 1995இல் இதனோடே தோன்றியது. தொல்காப்பியர் அன்றே கண்டார் என்று மார்தட்டுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆனால், உயர்திணைப் படர்க்கை வினைமுற்றுப் பால் காட்ட வேண்டும் என்னும் விதியையும், ஆன், ஆள், ஆர் விகுதிகள் அதனைத் தத்தம் வகையில் நிறைவேற்றுவதையும் அறிந்த மாணவர்க்கு இஃது அயலான கருத்தாகத் தோன்றாது.

தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்து வருவோர், அங்கே இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று பயின்றவற்றைக் கல்லூரியில் ஆங்கிலப் பெயரோடு மீண்டும் தொடக்கத்திலிருந்து சுமக்கின்றனர். வரையறையை மனப்பாடமாய் எழுதித் தேறியவர், ஒரு நிரல் எழுதச் சொன்னால் திகைக்கின்றனர். இருதுறைகளும் ஒன்றையொன்று பாராதிருத்தலே இதற்குக் காரணம் என்போம். ('இனக்குழு' என்னும் ஆக்கமும் நமக்கு நிறைவு தரவில்லை, அது குலத்தையும் குடியையும் நினைவூட்டுகிறது. 'வகை' என்றாலே போதும். 'பொதுவகை' பிறவற்றோடு மயங்குமாதலின் 'அருவவகை' பொருந்தும்.)

கணினித்துறை முதலாமாண்டு வகுப்பில் வாரம் ஒரு மணி தமிழாசிரியர் ஒருவரும் உடனமர்ந்து, கலைச்சொல்லுக்கு முன்னே கருத்தைத் தமிழில் விளக்க நிருவாகம் இசைவு தருதல் வேண்டும். சமுதாயப் பெரியோர் கல்லூரிகளுக்குக் கணினிகள் வாங்கித் தருகின்றனர், மகிழ்ச்சி. அவற்றின்முன் அமரும் கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மணியையும் பெற்றுத்தர அவர்களை வேண்டுகிறோம்.