இனிப்பு வேறு, நலம் வேறு
‘சருக்கரையில்லை’ என்னும் முகப்புச் சொல்லையே நலத்திற்குச் சான்றெனக் கொள்வார் பலர். பேதைமையே! அப்பருகுநீர்கள் பலவற்றிற் கலக்கப்படும் அசுபார்ட்டேம், 1965இல் அமெரிக்க வேதியியலார் ஒருவர் தம் விரலை நக்கப்போய்த் தற்செயலாய் வெளிப்பட்ட இனிப்பு. 2023 சூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனைப் ‘புற்றுநோய் விளைக்கக்கூடும்’ என்னும் ஐயவகையிற் சேர்த்தது. அதே நாளில் உணவு வல்லுநர் குழுவோ, உடலெடைக் கிலோவிற்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையினர் அதனைக் கடக்க ஒன்பது தகரக்குப்பிகளுக்கு மேல் பருகல்வேண்டும். எனவே, நஞ்சென்று அலறுவது மிகை. மெலிவதற்கென்று பருகுவதோ வீண். உடற்கொழுப்பைக் குறைப்பதில் இவ்வகை இனிப்புகளால் நெடுங்காலப் பயனில்லை என்று அவ்வாண்டு மேத் திங்களிலேயே உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்திவிட்டது. நீரிழிவுடையாரை அவ்வறிவுரை சுட்டவில்லை. அவர் மருத்துவரைக் கேட்டு நடத்தல் தகும்.