குழாய்த் துப்பாக்கியும் கூலிக்காரர் கண்ணும்

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். பத்துப் பேருக்கு மேல் பார்வையையே பறிகொடுத்தார்கள். காரணம், 150, 200 ரூபாய்க்குத் தெருவில் விற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய். 'கார்பைடு துப்பாக்கி' என்று அதற்குப் பெயர். பெரும் அடி போபாலுக்கு. 1984ல் யூனியன் கார்பைடு கம்பெனியின் விஷவாயுவுக்கு ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த அதே போபால்!

இது தீபாவளிக்கென்று பிறந்த விளையாட்டுச் சாமான் அல்ல. வயலில் குரங்கையும் பறவையையும் விரட்டச் செய்த கருவி. ஆகவேதான் வைகை அணை முதல் கம்பம் வரையுள்ள நம் உழைப்பாளி மக்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம். வருசநாட்டு மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காக இரவு கண்விழிப்பது யார்? நிலச் சொந்தக்காரரா? விவசாயத் தொழிலாளியும் சிறு விவசாயியும்தான்.

கார்பைடு கல் நமக்குப் புதிதல்ல. திருட்டுத்தனமாக மாம்பழம் பழுக்கவைக்கிற கல்தான். முன்காலத்தில் திருவிழாக் கடைகளில் எரிந்த விளக்கும் இதில்தான் எரிந்தது. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும். மில் பட்டறையில் வெல்டிங் வைக்கும் தோழரைக் கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்தச் சுடர் பக்கம் அவர் போகமாட்டார். தீ பின்னால் பாயாமல் இருக்க அங்கே தடுப்பு வால்வும் உண்டு. விளக்கில் வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி எரிந்தது. குழாயிலோ காற்றோடு கலந்து அடைபட்டு நிற்கிறது. பொறி பட்டதும் வெடிக்கிறது. அந்தக் குழாய் தண்ணீர் கொண்டுபோகச் செய்தது, வெடியைத் தாங்கச் செய்தது அல்ல. பிளந்தால் சில்லு முகத்தில் பாயும்.

அதைவிட அபாயம், உடனே வெடிக்காத தடவை. என்ன ஆயிற்று என்று குழாய் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பது மனித சுபாவம். அப்போது வெடிக்கும். தீயோடு சுண்ணாம்பும் கண்ணில் விழும்; கல் கரைந்து மிஞ்சுவது சுண்ணாம்புதான். வெற்றிலை போடும் கிழவிக்கும் தெரியும், அது கண்ணில் பட்டால் என்ன ஆகுமென்று. கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரைக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்கோ கண் ஆஸ்பத்திரிக்கோ உடனே போகவேண்டும்.

குழாயைத் தடை செய்தால் போதும் என்பார்கள் அதிகாரிகள். தடை வேண்டியதுதான். பன்றி நிற்குமா? 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் போட்ட உத்தரவைப் பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் இரண்டும் கூடாது. காட்டை ஒட்டியே பிழைக்கும் ஏழைக்கு மிஞ்சுவது தகர டப்பாவும் தீவட்டியும்தான்! இந்த இடத்தில்தான் மலிவுக் குழாய் நுழைகிறது. வேலி போட நிலக்காரருக்குப் பணம் செலவாகும். குழாய் வெடித்தால் செலவாவது கூலிக்காரர் கண்.

காட்டோரக் கிராமங்களுக்கு வேலிச் செலவை சர்க்கார் ஏற்கவேண்டும். பயிர் நஷ்டஈடு, பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். இரவுக் காவலுக்குத் தனிக்கூலியும், காயம்பட்டால் நஷ்டஈடும் காவலுக்கு அமர்த்தியவர் பொறுப்பு என்று ஆக்கவேண்டும். குழாயைக் கையில் கொடுத்தால் வாங்க மறுக்கும்படி விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஊர்க்கூட்டங்களில் சொல்லவேண்டும். மில் தொழிலாளத் தோழர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வந்து இந்த வாயுவின் குணத்தை விளக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.