இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன்



தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். தச்சு வேலை செய்த அவரது கணவர் மறைந்து இரண்டு வருடங்கள். பின்முற்றக் கொட்டிலில் மரத்தூள் படிந்தபடி அவருடைய லேத் மெஷின், அதாவது மரக் கடைச்சல் இயந்திரம், கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் இரண்டு முறை வந்து போயிருந்தார். "அக்கா, இத வச்சி என்ன செய்யப் போறீங்க? நிறுத்து எடுத்துக்கிறேன்" என்றாராம். மகளின் வகுப்புக் கட்டணம் இரண்டு மாதம் நிலுவை. சகோதரியும் அரை மனதுடன் சம்மதித்திருந்தார்.

நான் இயந்திரம் அறிந்தவள் அல்ல. மொறட்டுவையிலிருந்து வயதான தச்சு பாஸ் ஒருவரைக் கூட்டிச் சென்றேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், புதிதாகப் பெயின்ற் அடிக்கவும் வேண்டாம் என்றார். பெயின்ற் அடித்த இயந்திரத்தைக் கண்டால், வெடிப்பை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் வாங்குபவர் நினைப்பாராம்.

மரம் கடையும் இயந்திரமா, இரும்பு கடையும் இயந்திரமா என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். மரக் கடைச்சலில் உளியைக் கையில் பிடித்து ஒரு தாங்கியில் ஊன்றிக் கடைவார்கள். இரும்புக் கடைச்சலில் வெட்டும் ஆயுதம் ஒரு வண்டியில் பூட்டப்பட்டிருக்கும். திருகாணிக் கைப்பிடியைச் சுற்றி அதை நகர்த்துவார்கள். இரண்டையும் வாங்குவோர் வேறு வேறு ஆட்கள்.

அழுக்கு நீங்கியதும் வார்ப்பிரும்பில் 'மைபோர்ட்' என்ற எழுத்துத் தெரிந்தது. இங்கிலாந்தில் நொட்டிங்காமுக்கு அருகே பீஸ்டன் என்ற ஊரில் இருந்த கம்பனி அது. கீழ்ப்பகுதி தட்டையாக இல்லாமல் உருண்டைக் குழாயாக இருந்ததால், 'எம்.எல்.8' என்ற மரக் கடைச்சல் இயந்திரம்தான் என்று பாஸ் உறுதியாகச் சொன்னார். பக்கத்தில் கொழும்பு முகவரின் சிறு பித்தளைத் தகடு. அதில் நாட்டின் பெயர் 'சிலோன்'. நம் நாடு ஸ்ரீ லங்கா என்று பெயர் மாறியது 1972 மே மாதத்தில். மைபோர்ட் தொடங்கியது 1934இல். ஆகவே பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பொருள். இப்படித்தான் 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது என்று கொள்ளலாம். உங்கள் வீட்டுத் தையல் மெஷினையும் இவ்வாறு பார்க்கலாம்.

அப்படியானால் இது புராதனப் பொருளா? இல்லை, பழைய பொருள்தான். இதன் பெறுமதி அதன் வேலையில் இருக்கிறது. கயிறு சுற்றி இழுத்துக் கடையும் மரச்சட்டம் எவர் வீட்டிலாவது இருந்தால் அது வேறு கதை. மாத்தளை ஹப்புவிதையின் அரக்கு வேலை போன்ற பரம்பரைத் தொழில்களை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். அத்தகையவற்றை நூதனசாலைக்காரரிடம் காட்டுங்கள். பண்பாட்டுச் சொத்தாகக் கருதப்படுபவற்றை அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப 1988ஆம் ஆண்டின் சட்டம் இடமளிப்பதில்லை.

பிறகு பாஸ் சுழலும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. வார்ப்பிரும்பில் வெடிப்போ ஒட்டுப்போட்ட தழும்போ உண்டா என்று ரோர்ச் அடித்துத் தேடினார். மரம் எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன் வரை பூட்டலாம் என்று அளந்து எழுதச் சொன்னார். கடைசியாக, "மற்றச் சாமான் எங்கே, நோனா?" என்று கேட்டார். உளி தாங்கிகள், மரத்தைப் பூட்டும் வட்டத் தட்டுகள், கூர்முனைகள், சாவிகள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பால்மா டின்னில் கிடந்தன! அந்த டின்னை மறுநாள் வீசுவதாக இருந்தாராம் சகோதரி. பீஸ்டன் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டுவிட்டது. உதிரிப்பாகம் தேடுவோர் பெரும்பாலும் பழையவற்றையே நம்ப வேண்டும். "முதலில் சின்னச் சாமானைத் தாருங்கள், பெரியதைப் பிறகு எடுக்கிறேன்" என்று கேட்பவரிடம் கவனமாயிருங்கள்.

இன்னொன்று. மரண சாசனம் இல்லாதவிடத்துக் கணவரின் பொருள் முழுவதும் மனைவிக்கு வந்துவிடுவதில்லை. 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் சட்டம்; பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு முறை வேறு. வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தையும் எழுதி வைப்பது நல்லது. பிந்திய மனஸ்தாபங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இரும்பின் நிறை விலைதான் அடிமட்ட விலை. பஞ்சிகாவத்தைக் கடையொன்றிலும், மொறட்டுவைப் பட்டறைகள் இரண்டிலும் சகோதரி விசாரித்தார். படிக்கட்டுக் கைப்பிடித் தூண் கடையும் ஒருவர் நேரில் வந்து, மோட்டரைப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தார். இரும்பு விலையின் சில மடங்குக்கு முடிந்தது. லொறிக் கூலி வாங்குபவருக்கு. ஒரு தாளில் திகதி, தொகை, அடையாள அட்டை இலக்கம், இருவர் கையொப்பம். உளிகளில் ஒன்றை மட்டும் சகோதரி கொடுக்கவில்லை. அதன் பிடி கணவரே கடைந்தது.

அடுத்த வாரம் இரும்புக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார். துருப்பிடித்த தகர அலுமாரியை அவருக்கு நிறுத்துக் கொடுத்தாராம்.